உதவி: ஓ பாசிட்டிவ் போட்டா பாதி பேரைக் காட்ட மாட்டேங்குது (அவசரம்)

புதுசு_சேலம் · காலை 10.12
அவசரம்ங்க. டோனர் ஷீட்ல ஓ பாசிட்டிவ்னு போட்டு மேட்ச் பாத்தா வெயிட்டிங் லிஸ்ட்ல பாதி ஆளுங்க வரவே மாட்டேங்கறாங்க. கண்ணால பாத்தா இருக்காங்க, ஃபில்டர் போட்டா காணோம். உயரமும் ஏதோ தப்பா காட்டுது. மதியம் 2 மணிக்குள்ள முடிக்கணும். யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

குகை_தறி · 10.19
என்ன டோனர்ங்க? ரத்த தான முகாமா? எதுல போட்டீங்க, எக்செலா?

ஏற்காடு_பனி · 10.21
ஸ்க்ரீன்ஷாட் போடுங்க. இப்படிச் சொன்னா ஜோசியம் தான் பாக்கணும்.

மூத்த_லேப் · 10.26
ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் வேண்டாம், நோயாளி பேர் இருக்கும். உறுப்பு தானமா இருந்தா இங்க தட்டறதை விட்டுட்டு முதல்ல போனை எடுங்க. தமிழ்நாட்டுல மூளைச்சாவு அடைஞ்சவங்க உறுப்பை யாருக்குன்னு ஒதுக்கறது டிரான்ஸ்டான், அதாவது மாநில அரசோட உறுப்பு மாற்று ஆணையம், உங்க ஆஸ்பத்திரி எக்செல் இல்ல. இது கூடத் தெரியாம கோஆர்டினேட்டர் சீட்ல உக்கார வெச்சுடறாங்க.

புதுசு_சேலம் · 10.34
உறுப்பு தான ட்ரில் தான் சார். நிஜ டோனர் கிடையாது, ட்ரெயினிங். எக்செல். ஐசியு, லேப், டயாலிசிஸ் மூணு இடத்துல இருந்தும் ஷீட் வருது, நான் ஒண்ணா ஒட்டறேன்.

ஏற்காடு_பனி · 10.37
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல! ஸ்பேஸ் தான். ஓ பாசிட்டிவுக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாம ஒரு ஸ்பேஸ் உக்காந்திருக்கும். ட்ரிம் ஃபார்முலா போடுங்க, சரியாயிடும். எங்க எஸ்டேட் கூலி லிஸ்ட்ல எப்பவும் இதான் கதை.

அம்மாபேட்டை_மைக்ரோ · 10.45
ஸ்பேஸ் எல்லாம் இருக்கட்டும், பாம்பே குரூப்னு ஒரு அபூர்வ ரத்த வகை, அதுவா இருந்தா? சாதாரண டெஸ்ட்ல ஓ மாதிரியே தெரியும். 1952-ல மும்பையில கண்டுபிடிச்சது. ரிவர்ஸ் டெஸ்ட்ல, அதாவது அவங்க சீரத்தை ஓ குரூப் செல்லோட சேத்துப் பாத்தாத் தான் மாட்டும். அவங்களுக்கு ஓ ரத்தமே சேராது. லேப் ரெண்டு பக்கமும் பாத்தாங்களான்னு கேளுங்க.

ஏற்காடு_பனி · 10.48
ஃபில்டர் வேலை செய்யலைன்னு கேட்டா பாம்பேக்கு ரயில் ஏத்தி விடறீங்களே.

கொண்டலாம்பட்டி_ஐடி · 10.55
தம்பி, காணாமப் போற ஒருத்தர் கட்டத்தை எடுத்து கோட் ஃபங்ஷன் போட்டுப் பாருங்க, முதல் எழுத்தோட எண்ணைக் காட்டும். இங்கிலீஷ் எழுத்து ஓ-ன்னா 79 வரும். 48 வந்தா அது பூஜ்யம். நம்பர் பேட்ல வேகமா அடிக்கறவங்க எழுத்துக்குப் பதிலா பூஜ்யத்தைத் தட்டிட்டுப் போயிடுவாங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு தான், எக்செலுக்கு இல்ல. ட்ரிம்ல இது போகாது.

அப்புறம் உயரம். அடில போட்டிருக்காங்களா? 5 அடி 10 அங்குலத்தை 5.10-னு அடிச்சா எக்செல் அதைத் தசமம்னு எடுத்துட்டு 5.1 ஆக்கிடும். படிக்கறவங்க 5 அடி 1 அங்குலம்னு நினைப்பாங்க. 178 செ.மீ. ஆளு 155 ஆயிட்டாரு! ஷீட்ல 5.1-னு இருக்கற எல்லாரையும் சந்தேகப்படணும், ஏன்னா நிஜமாவே 5 அடி 1 அங்குலம் இருக்கறவங்களும் அதே மாதிரி தான் தெரிவாங்க. ஃபார்முலா போட்டுத் திருப்ப முடியாது, அளந்தவங்களைத் தான் கேக்கணும்.

குகை_தறி · 11.02
உயரம் எதுக்குங்க இதுல? ரத்தம் சேந்தாப் போதாதா?

மூத்த_லேப் · 11.10
நுரையீரல் கொள்ளளவை உயரமும் ஆணா பெண்ணான்னும் வெச்சுத் தான் கணக்கிடறாங்க. பெரிய நுரையீரலைச் சின்ன நெஞ்சுக்குள்ள திணிக்க முடியாது. அடி அங்குலத்தை விட்டுட்டுச் செ.மீ.ல வாங்குங்க, உலகம் மாறி ரொம்ப நாளாச்சு. இன்னொண்ணு: கட்டத்துல வெறும் ஏ2-ன்னு இருந்தா அது ஏ ரத்த வகையோட உட்பிரிவா, திசுப் பொருத்தத்துல வர்ற ஹெச்எல்ஏ-ஏ2-வா? ரெண்டும் வேற வேற. ஒட்டறவங்க இதுல தான் சொதப்புவாங்க, எழுதி வெச்சுக்கங்க.

குகை_தறி · 11.18
என் லைசென்ஸ்ல பி பாசிட்டிவ்னு இருக்கு. அதையே வெச்சுக்கலாம்ல, அவசரத்துக்கு?

அம்மாபேட்டை_மைக்ரோ · 11.21
கூடவே கூடாது. அது விண்ணப்பத்துல நீங்களே எழுதினது தானே?

குகை_தறி · 11.24
டிரைவிங் ஸ்கூல்காரர் எழுதினது. அப்ப எதுக்கு அதை அச்சடிச்சுக் குடுக்கறாங்க?

ஏற்காடு_பனி · 11.27
அடிபட்டுக் கெடக்கறப்ப ஏதாச்சும் ஒண்ணு இருக்கட்டும்னு தான். ஒண்ணுமே இல்லாததுக்கு அது தேவலை.

அம்மாபேட்டை_மைக்ரோ · 11.30
தேவலை இல்லங்க. தப்பான தகவலுக்கு ஒண்ணுமே இல்லாதது எவ்வளவோ மேல். எந்த ரத்த வங்கியும் கார்டை நம்பி ஏத்தாது, புதுசா டெஸ்ட் பண்ணித் தான் ஏத்தும்.

ஏற்காடு_பனி · 11.33
மலை மேல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர்றதுக்குள்ள எந்த டெஸ்ட்? கீழ இருக்கறவங்களுக்கு அது புரியாது.

கொண்டலாம்பட்டி_ஐடி · 11.41
லைசென்ஸை விடுங்கப்பா. 2003-ல அமெரிக்காவுல டியூக் ஆஸ்பத்திரியில ஓ குரூப் பொண்ணு ஒருத்திக்கு ஏ குரூப் டோனரோட இதயமும் நுரையீரலும் வெச்சுட்டாங்க. 17 வயசு. ரத்த வகையை இன்னொருத்தர் பாத்திருப்பாருன்னு ஆளாளுக்கு நினைச்சது தான் காரணம். ரெண்டாவது தடவை மாத்தி வெச்சும் பிழைக்கல. இப்ப அங்க டோனர் ரத்தத்தைத் தனித்தனியா ரெண்டு மாதிரி எடுத்து, ரெண்டு பேர் தனித்தனியாப் பதிவு பண்ணணும். தம்பி, உங்க ஷீட்லயும் ரெண்டு பேர் பேரும் நேரமும் எழுத இடம் விடுங்க.

அம்மாபேட்டை_மைக்ரோ · 11.49
ரெண்டு மாதிரியும் ஒரே குத்துல எடுத்து ரெண்டு குழாய்ல ஊத்தினா பிரயோஜனம் இல்ல, ஆளு மாறியிருந்தா ரெண்டுமே மாறித் தான் இருக்கும். வேற வேற நேரத்துல எடுக்கணும். மூளைச்சாவு பரிசோதனையே 6 மணி நேரம் விட்டு மறுபடி செய்யறது தானே, நேரம் இருக்கு. ஓமலூர் ரோட்ல அடிபட்டு வர்ற கேஸ்ல நாலஞ்சு பை ஓ ரத்தம் ஏத்தியிருப்பாங்க, அதுக்கப்புறம் எடுத்த மாதிரில ரத்த வகையே குழப்பும். சலைன் நிறையப் போயிருந்தா ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை டெஸ்ட் கூட நீர்த்துப் போய் நெகட்டிவ்னு காட்டலாம். ஏத்தறதுக்கு முன்னாடி எடுத்த மாதிரி லேப்ல இருக்கான்னு தேடணும். ஷீட்ல ‘மாதிரி எடுத்த நேரம்’, ‘ரத்தம் ஏத்தின நேரம்’ ரெண்டும் இருக்கா?

மூத்த_லேப் · 12.05
கேட்டவர் எங்க?

ஏற்காடு_பனி · 12.40
ட்ரிம் போட்டுச் சரியாயிருக்கும், அதான் ஆளைக் காணோம்.

புதுசு_சேலம் · 1.52
48 தான் வந்துச்சு. டயாலிசிஸ் ஷீட் பூரா பூஜ்யம். மாத்தினதும் எல்லாரும் வந்துட்டாங்க. ஐசியுல கேட்டேன், டோனர் 178 செ.மீ. நேரம் எழுதற கட்டம் ரெண்டும் இல்ல, சேத்துட்டேன். ஏ2 பாக்கணும். ட்ரில் ஆரம்பிக்குது, நன்றிங்க எல்லாருக்கும்.

குகை_தறி · 3.15
லைசென்ஸ்ல ரத்த வகையை மாத்த ஆர்டிஓ ஆபீஸ் போகணுமா, ஆன்லைன்லயே முடியுமா?

மூத்த_லேப் · 3.20
அதுக்குத் தனி இழை போடுங்க.