மலை பாலைவனத்தை உண்டாக்குகிறதா, துணை மட்டும் போகிறதா?

மயிலை வரைபடம்:
'மலையின் காற்று மறைவுப் பக்கம் வறண்டு பாலைவனமாகும்' என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இப்போது பலர் பழங்கதை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மங்களூரும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13 டிகிரியில் இருக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை மங்களூரில் 3,000 மி.மீ. அளவுக்குக் கொட்டுகிறது. அதே நாலு மாதத்தில் சென்னைக்குக் கிடைப்பது 400-க்குச் சற்று மேல். நடுவில் நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. வேறென்ன சாட்சி வேண்டும்?

கிண்டிக் காற்று:
சார், நீங்கள் தந்த எண்ணே உங்களுக்கு எதிராக நிற்கிறது. ஆண்டு மழை 250 மி.மீ.க்குக் கீழே போனால்தான் பொதுவாகப் பாலைவனம் என்கிறோம். மழை மறைவுப் பருவம் ஒன்றிலேயே சென்னை அதைத் தாண்டிவிடுகிறது. பகல் முழுக்க மேற்கிலிருந்து வரும் மேல்காற்று காய்ச்சுகிறது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று நுழைகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் கோட்டிலும் அதற்கு மேற்கே உள்மாவட்டங்களிலும் இடிமேகம் எழும்பி, ராத்திரி நகரத்துக்கு வந்து கொட்டுகிறது. அப்புறம் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. மலை அடைப்பது ஒரு வாசலைத்தான். சகாராவின் பெரும்பகுதி எந்த மலையின் மறைவிலும் இல்லை. நிலநடுக்கோட்டில் மேலேறிய காற்று 20–30 டிகிரி அட்சங்களில் இறங்குவதால் வந்த வறட்சி அது.

மயிலை வரைபடம்:
இறங்கும் காற்று காய்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். மலையைத் தாண்டிய காற்றும் இறங்கத்தான் செய்கிறது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கடற்கரையில் வெப்பம் 30 டிகிரி, பனிப்புள்ளி (காற்று குளிர்ந்து நீராவி ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை) 25. வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் மேக அடி உயரம் மீட்டரில் வரும்: சுமார் 625. அதுவரை கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். மேகத்துக்குள் போனதும் நீராவி ஒடுங்கி வெப்பத்தை விடுவதால் குளிர்வது சுமார் 4.5 டிகிரிதான். 2,000 மீட்டர் உச்சியில் 17.7 வரும். மறுபக்கம் முழுக்க 9.8 வீதத்தில் இறங்கினால் அடிவாரத்தில் 37 டிகிரிக்கு மேல். கிளம்பும்போது 75 சதவீதமாக இருந்த ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் இருப்பது எத்தனை சதவீதம் என்பது) 40-க்கு வந்துவிடும். இதில் பலர் தவறுவது ஒரே இடத்தில்: ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே வீதம் போட்டுவிட்டு, வெப்பம் ஏன் கூடவில்லை என்று கேட்பார்கள்.

கிண்டிக் காற்று:
நல்ல கணக்கு. ஆனால் ஒரு வரி விட்டுவிட்டீர்கள். அதே காற்றில் கிலோவுக்கு எத்தனை கிராம் நீராவி என்று பாருங்கள். கிளம்பும்போது 20, உச்சியில் 16. ஒடுங்கிய நீர் முழுவதும் மழையாக விழுந்தது என்று வைத்துக்கொண்டாலும் போனது ஐந்தில் ஒரு பங்கு. மீதி நாலு பங்கும் மலையைத் தாண்டி வந்துவிட்டது. ஆடி மாதத்தில் நம் தலைக்கு மேல் தண்ணீர் இல்லாமல் இல்லை, அதைத் தூக்க ஆள் இல்லை. கடல்காற்று தூக்கிய அன்றைக்கு மழை கொட்டுவது அதனால்தான்.

தாம்பரம் புவியியல் டீச்சர்:
இரண்டு பேருமே தார் பாலைவனத்தைத் தொடவில்லை. பிள்ளைகளுக்கு ஆரவல்லியின் மழை மறைவு என்றே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம், அது சரியில்லை. ஆரவல்லி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் அரபிக்கடல் கிளை அதற்கு இணையாகப் போய்விடுகிறது, ஏற வேண்டிய கட்டாயமே இல்லை. அதே தொடரில் உயரமான அபு மலைக்கு மட்டும் 1,000 மி.மீ.க்கு மேல் கிடைக்கிறது, ஜெய்சல்மேருக்கு 200-ஐத் தொடுவதே பாடு. கிழக்கே பருவமழை மேகங்களில் மேலே போன காற்றின் விளைவாக மேற்கே பெரும் பரப்பில் காற்று இறங்குகிறது. 1996-இல் ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற வானிலை ஆய்வாளர்கள் இருவரும் இதைக் கணித்துக் காட்டினார்கள்.

மயிலை வரைபடம்:
தாரை விட்டுக்கொடுக்கிறேன் டீச்சர். ஆனால் நடு ஆசியாவின் கோபி, தக்லமக்கான் பாலைவனங்கள்? மனாபே, பிராக்கோலி என்ற காலநிலை ஆய்வாளர்கள் 1990-இல் கணினி மாதிரியில் மலைகளை எடுத்துவிட்டு ஓட்டினார்கள். நடு ஆசியாவின் வறட்சி பெரிதும் குறைந்துவிட்டது. இங்கே மலை வெறும் துணை என்று எப்படிச் சொல்வீர்கள்?

கிண்டிக் காற்று:
அங்கே ஒப்புக்கொள்கிறேன் சார். அதற்குக் காரணமும் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. 10 டிகிரியில் நீராவி நிறைந்த காற்றை 3,000 மீட்டர் ஏற்றினால், கிலோவுக்கு ஏழரை கிராம் இருந்தது மூன்று கிராம் அளவுக்கு இறங்கிவிடும், பாதிக்கு மேல் காலி. குளிர்காற்றை மலை பிழிந்துவிடுகிறது, வெப்பக்காற்றை அப்படிப் பிழிய முடியாது. அமெரிக்காவின் டெத் வேலி பாலைவனத்துக்கு மேற்கே சியரா நெவாடா, இன்யோ, ஆர்கஸ், பனமின்ட் என்று வரிசையாகத் தொடர்கள் நிற்கின்றன. பசிபிக் காற்று ஒவ்வொன்றிலும் பிழியப்பட்டு வருகிறது. மழை கொண்டுவர வேறு வாசலும் பெரிதாக இல்லை, ஆண்டுக்கு 60 மி.மீ.க்கு உள்ளேதான். மனாபே மாதிரியில்கூட மழை மறைவு மட்டும் வேலை செய்யவில்லை. திபெத் பீடபூமி மேல்காற்று ஓட்டத்தையே வளைத்து, புயல்கள் போகும் தடத்தை மாற்றிவிடுகிறது.

பல்லாவரம் பாறை:
நம்ம ஊர்ச் சோதனை ஒன்று இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை உடுமலைக் காற்றாலைகள் காட்டும். மலை இல்லாத இடத்தில் மழை வரவேண்டுமே? கோவைக்கு ஆண்டு முழுக்கச் சேர்த்தும் 700 மி.மீ. சுற்று வட்டம்தான். ஆக, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பெயர்த்து எடுத்தாலும் அந்த 3,000 மி.மீ. சென்னைக்கு வராது, மங்களூருக்கும் கிடைக்காமல் போய்விடும். தூக்கினால்தான் மழை.

மயிலை வரைபடம்:
கணவாய் சரியான சோதனை இல்லை நண்பரே. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இரண்டிலிருந்தும் இறங்கும் காற்று பக்கவாட்டில் வந்து கலக்கிறது. 30 கி.மீ. இடைவெளியை மலையே இல்லாத நிலமாக எடுத்துக்கொள்ள முடியாது. செங்கோட்டைக் கணவாய் வழியே குற்றாலத்துக்குச் சாரல் வருகிறதே?

பல்லாவரம் பாறை:
சாரல் மேற்கே உருவான மேகத்தின் மிச்சம். தென்காசி தாண்டியதும் மெலிந்து, திருநெல்வேலிக்கு வருவதற்குள் தீர்ந்துபோகிறது. மலை இடைவெளி அதைக் கொண்டுவருகிறது, உண்டாக்கவில்லை.

கிண்டிக் காற்று:
இதை அளந்தே பார்க்கலாம். மங்களூரிலும் மீனம்பாக்கத்திலும் காலை 5.30 மணிக்கு வானிலை அளக்கும் பலூன் ஏற்றுகிறார்கள். ஜூலையில் மேல்காற்று வலுத்த பத்து நாளை எடுங்கள். காற்றழுத்தம் 850, 700 ஹெக்டோபாஸ்கல் இருக்கும் உயரங்களில் (சுமார் ஒன்றரை, மூன்று கி.மீ.) இரண்டு ஊரின் நீராவிக் கிராமைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒப்பு ஈரப்பதத்தை எழுதிவிடாதீர்கள், வெப்பம் கூடினாலே அது குறைந்துவிடும். வித்தியாசம் பாதிக்கு மேல் வந்தால் மயிலை சார் சொல்வது சரி, ஐந்தில் ஒரு பங்கு அளவில் நின்றால் நான் சொல்வது சரி.

மயிலை வரைபடம்:
சம்மதம். ஆனால் மங்களூரில் மழை கொட்டிய நாளைத் தனியாக, நின்ற நாளைத் தனியாகப் போடுங்கள். கலந்துவிட்டால் மலை எவ்வளவு எடுத்தது என்றே தெரியாது.