ஆளுக்கொரு பக்கம் கிடக்கும் ஒடூ அட்-ஒன்களை ஒரே ரெப்போவில் போடலாமா?

கோண்டாவில் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஆறு பேர், கம்பனி எல்லாம் கிடையாது, ஆளாளுக்குத் தனித்தனியாகக் கடைகளுக்கு ஒடூ என்ற வியாபார மென்பொருளின் கம்யூனிட்டி பதிப்பைப் போட்டுக்கொடுக்கிறோம். ஹாட்வெயார், புடவைக்கடை, இரண்டு பாமசி, உரம் விற்கும் ஒரு இடம், இப்படி. தேவைக்கு எழுதிய அட்-ஒன்கள், அதாவது அதில் செருகும் மேலதிக நிரல்கள், எல்லாம் திறந்த மூலந்தான், ஆனால் கோடை வைக்கும் தளமான கிட்ஹப்பில் அவரவர் கணக்கில் கிடக்கின்றன. போன கிழமை உட்கார்ந்து எண்ணினோம், நாற்பத்து மூன்று வந்தது. அதில் பில்லின் தொகையைத் தமிழில் எழுத்தால் அடிக்கிற அட்-ஒன் மட்டும் நாலு! ஒன்று 900ஐ "ஒன்பது நூறு" என்று அடிக்கிறது. அது என்னுடையது, சிரிக்க வேண்டாம்.

இப்போது ஒருவர் எல்லாவற்றையும் ஒரே ரெப்போவுக்குள், அதாவது ஒரே கோட் சேமிப்பிடத்துக்குள், கொட்டுவோம் என்கிறார். இன்னொருவர், பங்குக் கிணறு மாதிரித்தான் முடியும், தண்ணீர் அள்ள எல்லாரும் வருவார்கள், இறைத்துத் துப்புரவாக்கும் நாளில் ஒருவரையும் காணக் கிடைக்காது என்கிறார். எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது. செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

மானிப்பாய் றோட்:

தம்பி, சேருங்கோ. யோசிக்கவே தேவையில்லை.

வற் எனும் பெறுமதி சேர் வரிக் கதை ஒன்று சொல்கிறேன். 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆனது, அதே வருஷம் செப்டெம்பரில் 15, பிறகு 2024 ஜனவரி முதலாம் திகதி 18. ஒழுங்காகச் செய்திருந்தால் வீதம் ஒடூவின் வரி அமைப்பில் மட்டும் இருக்கவேண்டும், ஒரு இடத்தில் மாற்றினால் வேலை முடிந்தது. நான் என்ன செய்தேன் என்றால், 15 வீதம் என்ற எழுத்தைப் பில் டெம்பிளேட்டுக்குள்ளேயே அடித்து வைத்திருந்தேன், அதையே கொப்பி பண்ணி நாலு கடைக்கும் போட்டேன், நாலும் நாலு ரெப்போ. மூன்றைத் திருத்திவிட்டு நாலாவதை மறந்துபோனேன். ஜனவரி மூன்றாம் திகதி முதலாளி போன் எடுக்கிறார், கணக்கு 18இல் வருகிறதாம், தாளில் 15 என்று இருக்கிறதாம், வாடிக்கையாளர் கடைக்குள் நின்று கத்துகிறாராம். ஒரே இடத்தில் ஒரே அட்-ஒன்னாக இருந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது.

இதைவிடப் பெரிய விஷயம் பதிப்பு மாறுவது. ஒடூ ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு விடுகிறது, ஆதரவு கடைசி மூன்றுக்குத்தான். 13ஆம் பதிப்பில் இன்வாய்ஸ் மொடலையே எடுத்துக் கணக்குப் பதிவு மொடலுக்குள் சேர்த்துவிட்டார்கள், 17இல் வியூக்களில் (திரை வடிவத்தை எழுதும் கோப்புகளில்) 'ஏட்டர்ஸ்' பண்பு போனது, 18இல் 'ட்ரீ' என்று இருந்தது 'லிஸ்ட்' ஆனது. நாற்பத்து மூன்று அட்-ஒன்னும் ஒரே ரெப்போவில் இருந்தால் ஒருவர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஒரு பின்னேரத்தில் பெரும்பகுதியை மாற்றிவிடலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலில் டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் நிரல்களை) மூலத்துக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்வதும் இதற்காகத்தான்: உள்ளே ஒரு இடைமுகத்தை மாற்றுகிறவரே அதைப் பயன்படுத்தும் டிரைவர்கள் எல்லாவற்றையும் திருத்தவேண்டும். வெளியே தனியாக வைத்திருப்பவர் தன்பாட்டில் ஓடிப் பிடிக்க வேண்டியதுதான்.

அப்புறம் பெயர் மோதுவது. உங்களில் இரண்டு பேர் 'எல்கே இன்வாய்ஸ்' என்று ஒரே பெயரில் மொடியூல், அதாவது அட்-ஒன், வைத்திருந்தால், அட்-ஒன் பாதையில் முதலில் இருப்பதை ஒடூ எடுக்கும், மற்றதைத் திரும்பியும் பார்க்காது. இது எனக்கு நடந்து, என் கோடில் பிழை என்று நினைத்து இரண்டு நாள் தேடியிருக்கிறேன், ஓடிக்கொண்டிருந்தது என் கோடே இல்லை. ஒரே கோப்புறையில் இருந்தால் ஒரே பெயரை இரண்டு தடவை வைக்கவே முடியாதே.

இணுவில் பைதன்:

அண்ணா சொல்வதில் பிழை இல்லை, ஆனால் ஒரு பக்கத்தைத்தான் சொல்கிறார். சேர்வர்களைத் தானாக நிர்வகிக்கும் அன்சிபிள் மென்பொருளைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான மொடியூல்கள் ஒரே ரெப்போவில் இருந்தன. அனுப்பிய திருத்தத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் புல் ரிக்குவெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) மலைபோலக் குவிந்தது, சின்னத் திருத்தமும் முழு மென்பொருளின் அடுத்த வெளியீடு வரும்வரை காத்திருக்கவேண்டும். கடைசியில் 2020இல் 2.10 பதிப்போடு எல்லாவற்றையும் உடைத்துத் தனித்தனிக் கலெக்ஷன்களாக ஆக்கினார்கள். சேர்த்தவர்களே பிரித்தார்கள்.

நாற்பத்து மூன்று அந்த அளவில்லை, சரி. ஆனால் ஆறு பேரும் பகலில் கடை கடையாகத் திரிகிறவர்கள், யார் யாருடைய கோடைப் பார்ப்பது? பாமசி அட்-ஒன்னில் ஒரு தானியங்கி டெஸ்ட் தோற்றால் புடவைக்கடைக்காரருடைய அவசரத் திருத்தமும் சிவப்பு விளக்கில் நிற்கும். கொஞ்ச நாளில் எல்லாரும் சிவப்பைப் பார்த்துக்கொண்டே மெர்ஜ் பண்ணிச் சேர்க்கப் பழகிவிடுவார்கள். அதன்பிறகு டெஸ்ட் இருந்தென்ன, விட்டென்ன.

இன்னொன்று, இதுதான் எனக்கு உண்மையான பயம். தனி ரெப்போவில் கிடந்தபோது நாம் கவனமில்லாமல் எதையெல்லாம் கொமிட் பண்ணி ரெப்போவில் பதிந்தோம்? நான் ஒருதடவை ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியலைத் தொலைபேசி இலக்கங்களோடு டெமோ டேட்டாவாகப் போட்டு, பிறகு அழித்தேன். அழித்தது மேலேதான், பழைய மாற்றங்களைக் காக்கும் ஹிஸ்டரியில் அப்படியே இருந்தது. அந்த ரெப்போ தனிப்பட்டதாக இருந்ததால் தப்பினேன். ஹிஸ்டரியோடு கொண்டுவந்து பொதுவில் சேர்க்கும் முன் ஒவ்வொன்றையும் கிளறிப் பாருங்கள். ஹிஸ்டரியே வேண்டாம் என்று புதிதாகத் தொடங்கினால் யார் எழுதியது என்ற தடயம் போய்விடும், அதிலும் சண்டை வரும்.

ஸ்காபரோ குளிர்:

நான் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது எழுதிய மூன்று அட்-ஒன்கள் இன்றைக்கும் அங்கே கடைகளில் ஓடுகின்றன. இங்கே கனடாவுக்கு வந்து போன் மாற்றியதில் கிட்ஹப்பில் நுழையும் இரண்டாம் கட்டக் குறியீடும் போனது, மீட்புக் குறியீடுகளை எங்கே எழுதி வைத்தேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆட்கள் இஷ்யூ (பிழை முறைப்பாடு) போடுகிறார்கள், பார்க்கிறேன், என் சொந்தக் கணக்குக்குள்ளேயே போக முடியாமல் வெளியில் நின்று எட்டிப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் யார் எப்போது பிளேன் ஏறுவார் என்று யாருக்குத் தெரியும். ஒரே ரெப்போவோ பத்தோ, ஒரு அமைப்புக் கணக்கைத் திறந்து குறைந்தது மூன்று பேரை உரிமையாளராகப் போடுங்கள்.

நல்லூர் அக்கா:

எல்லாரும் ஒரு ரெப்போவா, நாற்பத்து மூன்றா என்று கதைக்கிறீர்கள். ஒடூ சமூகத்தின் அட்-ஒன்களைப் பராமரிக்கும் ஓசிஏ அமைப்பு இரண்டையும் செய்யவில்லையே. கணக்குக்கு, களஞ்சியத்துக்கு, விற்பனைக்கு என்று துறைவாரியாக ரெப்போ, ஒவ்வொன்றுக்குள்ளும் 16, 17, 18 என்று பதிப்புக்கு ஒரு கிளை. திருத்தம் உள்ளே போக இரண்டு பேர் சரி என்று சொல்லவேண்டும், ஐந்து நாளாவது திறந்திருக்கவேண்டும். ஆறு பேருக்கு அந்த முறை பாரம், எழுதாத ஒருவர் பார்த்தால் போதும் என்று வையுங்கள். அவர்கள் ஒவ்வொரு அட்-ஒன்னையும் தனிப் பைதன் பொதியாகவும் விடுகிறார்கள், அதனால் மூன்று தேவைப்படும் கடை மூன்றை மட்டும் பிப் என்ற பைதன் நிறுவியில் எடுக்கலாம். ஒரே இடத்தில் வைத்தால் எல்லாவற்றையும் சேர்வரில் இறக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

லைசென்ஸை ஒருவரும் தொடவில்லை, அதுதான் ஆச்சரியம். ஒரே ரெப்போவில் ஒன்று எல்ஜிபிஎல், இன்னொன்று அதைவிடக் கடுமையான ஏஜிபிஎல் என்று இரண்டு திறந்த மூல லைசென்ஸ் இருக்கலாம், தடையில்லை, மேனிஃபெஸ்டில் (அட்-ஒன்னின் விவரக் கோப்பில்) ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் ஒடூ ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டு எல்ஜிபிஎல் 3 என்று தானே எடுத்துக்கொள்ளும். பக்கத்துக் கோப்புறையில் இருக்கிறதே என்று ஏஜிபிஎல் கோடை அள்ளி எல்ஜிபிஎல் அட்-ஒன்னுக்குள் ஒட்டினால்தான் பிரச்சினை, ஒரே ரெப்போவில் அந்தக் கை நீளுவது மிகச் சுலபம். காசு கொடுத்து வாங்கிய அட்-ஒன்னிலிருந்து யாராவது நாலு வரி எடுத்திருந்தால் அது உள்ளேயே வரக்கூடாது. யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், ஆனால் ஆறு பேரில் ஒருவர் எடுத்திருப்பார்.

கிணற்றுக் கதைக்கும் ஒரு வார்த்தை. எங்கள் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் பேர் பேராக எழுதிக் கிடக்கும், அதனால்தான் தலைமுறை தாண்டியும் ஓடுகிறது. மேனிஃபெஸ்டில் 'மெயின்டெய்னர்ஸ்' என்று ஒரு வரி ஓசிஏ வைத்திருக்கிறது. ஒவ்வொரு அட்-ஒன்னுக்கும் அதில் ஒரு பேர் இல்லாவிட்டால் ரெப்போவில் சேர்க்காதீர்கள்.

கோண்டாவில் தம்பி:

நன்றி அக்கா, அண்ணாமார் எல்லாருக்கும். நேற்றிரவு கதைத்தோம். நாற்பத்து மூன்றில் இருபத்தெட்டு ஒரே ஒரு கடைக்கு மட்டும் எழுதியவை, அவை அவரவர் கணக்கிலேயே இருக்கட்டும். ஒரு கடைக்கு மேல் ஓடுகிற பதினைந்து மட்டும் வருகிறது, அமைப்புக் கணக்கு, மூன்று உரிமையாளர். அந்தப் பதினைந்தில் இரண்டுக்குப் பேர் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை, அதனால் பதின்மூன்று. ஹிஸ்டரியைக் கிளறியதில் ஒரு முதலாளியின் மின்னஞ்சல் கடவுச்சொல் அகப்பட்டது. யாருடைய ரெப்போ என்று சொல்லமாட்டேன்.

தமிழ் எழுத்துக்குப் பதிலாகப் பிடிஎஃப்பில் பெட்டி பெட்டியாக வருவதற்கு ஆளாளுக்கு அட்-ஒன் எழுதி வைத்திருக்கிறோம், மூன்று இருக்கிறது. எதை எடுப்பது?

மானிப்பாய் றோட்:

ஒன்றும் வேண்டாம். சேர்வரில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவினால் பெட்டி போய்விடும். மூன்றையும் அழியுங்கோ.

இணுவில் பைதன்:

தொகையை எழுத்தாக்கும் அட்-ஒன் யாருடையது வருகிறது? என்னுடையதில் ஆயிரத்து, நூற்று, தொள்ளாயிரம், தொண்ணூறு எல்லாம் சரியாக ஒட்டும், ஒரு கோடி வரைக்கும் டெஸ்ட் இருக்கிறது. பராமரிப்பாளராக என் பேரைப் போடுங்கள்.

நல்லூர் அக்கா:

பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் 1,11,900க்கு "ஒரு இலட்சத்துப் பதினோராயிரத்துத் தொள்ளாயிரம்" என்று வருகிறது. உயிரெழுத்துக்கு முன் "ஓர் இலட்சத்து" என்றல்லவா வரவேண்டும்?

இணுவில் பைதன்:

காசோலையில் யார் அக்கா "ஓர்" எழுதுகிறார்கள்? இஷ்யூ போடுங்கள், அங்கே சண்டை பிடிப்போம்.