வேனின் தரைத்தகடு கொதிக்கிறது: சைலன்சர் குழாயின் சூட்டைக் குறைக்க என்ன வழி?

எழுவான்கரை ஓட்டுநர்:

வணக்கம். களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனைக்கு ஆசிரியைகளையும் உயர்தர வகுப்பு மாணவர்களையும் ஏற்றிச் செல்லும் சிறிய பெட்ரோல் வேன் ஒன்றை ஓட்டி வருகிறேன். எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் புகைக்குழாய் இடது பக்கமாகப் பின்னோக்கிச் செல்கிறது. கச்சான் காற்று வீசத் தொடங்கியதிலிருந்து, இடது பக்க நடு இருக்கையின் கீழ்த் தரை மிதிக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. ஓர் ஆசிரியை செருப்பைக் கழற்றி வைத்திருந்தபோது காலைச் சுட்டுக்கொண்டார்; றப்பர் மெட் தகட்டோடு ஒட்டிப்போய்விட்டது.

ஹாட்வெயார் கடையொன்றில் கேட்டபோது, கூரை ஒழுக்குக்கு ஒட்டும், ஒரு புறம் தாரும் மறு புறம் வெள்ளித்தாளும் உள்ள சுருளைத் தரையின் அடிப்பக்கத்தில் ஒட்டச் சொன்னார்கள். நண்பர் ஒருவரோ, பந்தயக் கார்களில் செய்வதுபோல் குழாயைச் சுற்றித் துணி நாடா கட்டினால் போதும் என்கிறார். இரண்டில் எது சரி என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

வாவிக்கரை மெக்கானிக்:

தம்பி, இரண்டுமே வேண்டாம். தார் இளகுவதற்கு நூறு பாகை கூடத் தேவையில்லை. அந்தச் சுருள் உருகிச் சூடான குழாயின் மேல் சொட்டினால், நீங்கள் சூட்டைப் பற்றி அல்ல, நெருப்பைப் பற்றி எழுத வேண்டி வரும். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் விற்றது கூரைக்கான பொருள்.

முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி. இந்த வேன் புதிதாக இருந்தபோதும் இப்படிச் சுட்டதா? சுடவில்லையென்றால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே எதை ஒட்டினாலும் நோயை மூடிவைப்பதுதான். என் கராஜுக்கு இந்த முறைப்பாட்டோடு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு, தொழிற்சாலையில் பொருத்தி வந்த வெப்பத்தடுப்புத் தகடு அடியில் இருப்பதில்லை. ஆணி துருப்பிடித்துத் தகடு கடகடவென்று ஆடத் தொடங்கும். சத்தம் தாங்காமல் யாராவது கழற்றி எறிந்துவிடுவார்கள். உங்கள் வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள்: குழாய்க்கு மேலே தரையில் வெறும் ஆணித்துளைகள் தெரிந்தால் விடை பாதி கிடைத்துவிட்டது. சைலன்சரைத் தாங்கும் றப்பர்களையும் பாருங்கள், ஒன்று அறுந்தாலும் குழாய் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு தரையை நெருங்கும்.

அடுத்தது எஞ்சின். ஒரு பிளக் சரியாக எரிக்காமல் எஞ்சின் மிஸ் அடித்தால், எரியாத பெட்ரோல் குழாய்க்குள் போய், புகையைச் சுத்திகரிக்கும் பாகமான கன்வேர்ட்டருக்குள் எரியும். சாதாரணமாக 400 முதல் 800 பாகை வரை வேலை செய்கின்ற அந்தப் பாகம் அப்போது 1000 பாகையையும் தாண்டிச் செக்கச் சிவந்துவிடும். உள்ளிருக்கும் தேன்கூடு உருகி அடைத்தால் புகை போக வழியின்றி, முன்பக்கக் குழாய் மேலும் சூடாகும், ஏற்றத்தில் வண்டி இழுக்காது. எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அது மிஸ் அடிப்பதற்கான எச்சரிக்கை. அந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது. வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்காக நீங்கள் செய்த புகைப் பரிசோதனையின் தாளையும் எடுத்துப் பாருங்கள். ஐதரோகாபன் அளவு முந்தைய ஆண்டைவிட உயர்ந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, புகைக் கசிவு. குழாய் மூட்டை அடைக்கும் காஸ்கட் ஊதினால் கொதிக்கும் புகை நேரே தரையில் அடிக்கும். அதனுடன் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு, தரைத் துளைகள் வழியாக உள்ளே புகும். அதற்கு மணமில்லை, தலைவலியும் தூக்கமும்தான் அடையாளம். பயணிகள் யாராவது அப்படி முறையிட்டதுண்டா என்று கேட்டுப் பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இயக்கி, தடித்த துணியால் வால்குழாயைச் சில வினாடிகள் பொத்தச் சொல்லிவிட்டு, மூட்டுகளில் சவர்க்கார நுரையைத் தடவிப் பார்த்தால் கசியும் இடம் குமிழியிடும். கரிக்கோடு படிந்திருந்தாலும் அதுவேதான்.

அக்கரைப்பற்று வயற்காரன்:

ஐயா சொன்னதில் நாடாவைப் பற்றி விளக்கம் குறைவாக இருப்பதால் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். என் பழைய பிக்கப்புக்கு நான் கண்ணாடியிழை நாடா கட்டினேன். முதல் மாதம் உண்மையிலேயே நல்ல பலன் கிடைத்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் நமது பக்கம் கடலும் வாவியும் சூழ்ந்த உப்புக் காற்று. மார்கழி மழையில் நாடா நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ள, இரும்புக் குழாய் உள்ளுக்குள்ளேயே அரித்து, அடுத்த கச்சானுக்கு முன் கைவிரல் போகுமளவு ஓட்டை விழுந்துவிட்டது. நாடா மூடியிருந்ததால் துரு கண்ணில் படவேயில்லை. பந்தய வண்டி ஓட்டத்துக்குப் பின் கூடாரத்துக்குள் போகிறது. நம் வண்டி மழையில் நிற்கிறது.

இன்னொன்று: அறுவடைக் காலத்தில் சூடடித்த வைக்கோல் வீதியோரத்திலும் வயல் வழியிலும் கிடக்கும். அது வண்டியின் அடியில் குழாய்க்கும் தகட்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும்; வண்டியை நிறுத்திய பின்புதான் அது புகையத் தொடங்கும், ஏனெனில் ஓடும்போது அடித்த காற்று அப்போது நின்றுவிடுகிறது. ஆகவே எந்தத் தகடு போட்டாலும் பெட்டிபோல் மூடிவிடாதீர்கள், கையை விட்டுத் துடைக்க இடமிருக்கட்டும்.

கல்லடி விஞ்ஞான ஆசிரியர்:

தகடு ஏன் வேலை செய்கிறது என்பதைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள். குழாயிலிருந்து தரைக்கு வெப்பம் வருவது பெரும்பாலும் கதிர்ப்பினால், அதாவது தொடாமலே வீசும் வெப்பத்தினால். காற்று சூட்டைக் காவும் மேற்காவுகைக்கும் தாங்கிகள் வழியான கடத்தலுக்கும் பங்குண்டு என்றாலும் அவை இரண்டாம் பட்சம். கதிர்ப்போ கெல்வினில் அளக்கும் தனிவெப்பநிலையின் நான்காம் வலுவுக்கு ஏற்பக் கூடுகிறது. குழாய் 327 பாகையிலிருந்து 527 பாகைக்கு, அதாவது 600 கெல்வினிலிருந்து 800 கெல்வினுக்கு ஏறினால், அது வீசும் வெப்பம் மூன்று மடங்கிற்கும் அதிகமாகிறது. மெக்கானிக் ஐயா எஞ்சினை முதலில் பார்க்கச் சொன்னதன் நியாயம் இந்தக் கணக்கில் இருக்கிறது. பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும். தகட்டுக்கும் தரைக்கும் இடையிலான காற்றுப் படலம் மிச்சத்தைத் தடுக்கும். கிறவல் வீதிச் சேறு படிந்துவிட்டால் அந்தப் பளபளப்புப் போய்விடும், ஆகவே கழுவும்போது தகட்டின் அடிப்பக்கத்தையும் கழுவ வேண்டும்.

அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்பவர்கள் கவனிக்க: பளபளப்பான உலோகத்தில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். தரைத் தகட்டில் ஒரு துண்டு கறுப்பு மின் நாடாவை ஒட்டி அதன் மேல் அளந்தால் நம்பத்தக்க எண் கிடைக்கும். குழாயில் நாடா எரிந்துவிடும்.

எழுவான்கரை ஓட்டுநர்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வண்டியை மேடேற்றிப் பார்த்தேன். ஐயா ஊகித்தது அப்படியே இருந்தது: நான்கு ஆணித்துளைகள், தகட்டைக் காணவில்லை. முன்பு வேலை செய்த கராஜில் கழற்றியிருக்க வேண்டும், என்னிடம் சொல்லவில்லை. நடு றப்பர் அறுந்து, குழாய் தரையை ஒரு விரலளவுக்கு நெருங்கியிருந்தது. கசிவு இல்லை. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் ஒன்று பழுதாகி, சூடேறிய பின் மட்டும் மிஸ் அடித்ததும் தெரியவந்தது. காலையில் ஓட்டும்போது அதை உணரவே முடியாது.

ஆசிரியர் சொன்னபடி நாடா ஒட்டி அளந்தேன். கல்முனை போய்வந்த உடன் 68 பாகை. கொயிலும் றப்பரும் மாற்றியபின் 57. தகடு எங்கும் கிடைக்கவில்லை. வீட்டில் நாகம் பூசிய தகரத் துண்டொன்று இருக்கிறது, அதை வெட்டிப் போடலாமா? வெப்பம் தாங்கும் வெள்ளை நார்ப்பஞ்சை இடையில் வைக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

வாவிக்கரை மெக்கானிக்:

தகரம் வேண்டாம் தம்பி. நாகம் 419 பாகையில் உருகும். கன்வேர்ட்டருக்கு அருகில் பூச்சுக் கருகிப் புகையும், பிறகு வெறும் இரும்பு இரண்டு மழைக்குத் துருப்பிடிக்கும். பஞ்சும் நமது மழைக்கு ஆகாது, நனைந்தால் நாடா செய்ததையே செய்யும்; வெட்டும்போது பறக்கும் துகள் நுரையீரலுக்கும் கேடு.

ஒரு மில்லிமீற்றர் அலுமினியத் தகடு வாங்குங்கள். குழாயிலிருந்து குறைந்தது இரண்டு விரல், தரையிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டு, பழைய துளைகளிலேயே பொருத்துங்கள். அலுமினியம் 660 பாகையில் உருகும் என்பதால் குழாயில் எங்கும் படக் கூடாது. தகட்டை நீளவாக்கில் சற்று வளைத்து, முன்னும் பின்னும் திறந்தே விடுங்கள். காற்றும் ஓடும், வயற்காரர் சொன்ன வைக்கோலையும் எடுக்கலாம். ஆணிக்குக் கீழே அகலமான வாஷர் போடாவிட்டால் அதிர்வில் துளை பெருத்து, பழைய கடகடப்பு மீண்டும் தொடங்கும். எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் அந்தப் பக்கம் போகின்றனவா என்று பார்த்து, போனால் தகட்டை அவ்வளவு தூரமும் நீட்டுங்கள்.

எழுவான்கரை ஓட்டுநர்:

பொருத்திவிட்டேன். அதே ஓட்டம், அதே மதிய வெயில்: 46 பாகை. வெயிலில் நின்ற வண்டியின் வலப் பக்கத் தரையே 43 காட்டுகிறது. புதிய மெட் போட்டிருக்கிறேன். ஆசிரியை நேற்று அதே இருக்கையில்தான் அமர்ந்து வந்தார்.

வாவிக்கரை மெக்கானிக்:

நல்லது. ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் ஆணிகளை ஒருமுறை இறுக்குங்கள், சூடேறி ஆறும்போது அவை தளரும்.