பரதம், கூத்து, உறுமி, நிழற்பாவை: ஒரே மண்டபத்தில் நிரலை எப்படி அமைப்பது?

கேள்வி (செந்தூல்வாசி):
வணக்கம். செந்தூலில் உள்ள எங்கள் சமூகக் கலை மண்டபத்தில் மூன்று மாதங்களுக்கு வார இறுதி நிகழ்ச்சிகள் நடத்தத் தீர்மானித்திருக்கிறோம். பரதநாட்டியம், கர்நாடக இசை, தெருக்கூத்து, உறுமி மேளம், வாயாங் கூலிட் எனும் கிளந்தான் நிழற்பாவைக் கூத்து, ஒரு நவீன நாடகம் எனப் பட்டியல் நீள்கிறது. பழைய ரயில்வே கட்டடத்தில் 2005-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் நிகழ்கலை மையமான கேஎல்பேக் போலப் பெரிய அரங்கும் சிறிய அரங்கும் எங்களுக்கு இல்லை. இருப்பது ஏறத்தாழ இருநூறு இருக்கைகளும் ஒரு சிமெண்டு மேடையும்தான். பரதம் பார்க்க வருபவர்கள் உறுமிக்கு வருவதில்லை, உறுமிக்கு வரும் இளைஞர்கள் கச்சேரியை எட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கலைக்கும் தனி வாரம் ஒதுக்குவதா, கலந்து வைப்பதா?

மறுமொழி (பிரிக்பீல்ட்ஸ் ஒலியமைப்பாளர்):
ஐயா, முதலில் மண்டபத்தைக் கவனியுங்கள். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த முனகல்தான் அதன் உயிர். சிமெண்டுச் சுவர்களுக்குள் பல உறுமிகள் ஒன்றாக முழங்கினால் எதிரொலியில் அது கரைந்து, வெறும் இரைச்சலே மிஞ்சும். தைப்பூச ஊர்வலத்தில் திறந்த வெளியில் கேட்டுப் பழகிய வாத்தியத்தை முற்றத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், மைக்கும் வேண்டாம். அடுத்தது மேடை. சிமெண்டு சற்றும் நெகிழாது என்பதால், அதன்மேல் நேரடியாகத் தட்டி ஆடும் பிள்ளைகளுக்குக் குதிகாலும் முழங்காலும் நோகும். மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பிளைவுட் பரப்புங்கள். அதை அடிக்கடி பிரித்துப் பூட்டாமல் இருக்க, நடன நிகழ்ச்சிகளை அடுத்தடுத்த வாரங்களில் வைப்பதே சிக்கனம்.

மறுமொழி (பினாங்கிலிருந்து ஓர் ஆசிரியை):
தளம் பற்றிய கருத்து சரியே. ஆனால் நடனங்களை வரிசையாக அடுக்கினால் அவற்றின் ரசிகர்கள் அந்த வாரங்களோடு நின்றுவிடுவார்கள், கேட்டவரின் கவலை அப்படியே இருக்கும். ஒரே மாலையில் இரண்டைச் சேர்த்து வையுங்கள். முன்பாதியில் வாயாங் கூலிட், பின்பாதியில் தெருக்கூத்து என்பது என் தேர்வு. கிளந்தான் நிழற்பாவையின் மூலக்கதை ராமாயணமே, அங்கே ராமரின் பெயர் ஸ்ரீ ராமா. திரைக்குப் பின்னால் அமர்ந்த ஒரே தோக் டாலாங் எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பதையும், அவர்களின் ஊதுகுழலான செருனாய் நம் நாயனத்துக்கு உறவினர்போல ஒலிப்பதையும் கண்டு கேட்ட பிறகு, கட்டியங்காரன் வந்து பாரதக் கதையைத் தொடங்கட்டும். யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. கூத்தை மட்டும் மேடையில் ஏற்றாதீர்கள். நாற்காலிகளை மூன்று பக்கமும் திருப்பி, நடுவே தரையில் ஆடவிடுங்கள். உறுமியையோ கச்சேரி மாலைகளில் ஒரு மணி நேரம் முன்னதாக முற்றத்தில் வாசிக்கச் சொல்லுங்கள், அந்த இளைஞர்களில் சிலராவது உள்ளே வருவார்கள். (இடைவேளையில் தேநீர் நன்றாக இருந்தால் இன்னும் சிலர்.)

மறுமொழி (பழைய செயலாளர்):
கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கேளிக்கை உரிமத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழகத்திலிருந்து கலைஞர்களை அழைப்பதானால் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதியும் வேண்டும். நோன்பு மாதத்தில் கிளந்தான் குழுவைக் கேட்காதீர்கள். கட்டணத்தைப் பொறுத்தவரை, டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலை அமைப்பு நடத்தும் அன்னலட்சுமி உணவகத்தில் தொடங்கிய 'மனம்போல் கொடுங்கள்' முறையை முற்றத்து நிகழ்ச்சிகளுக்குப் பின்பற்றலாம். உள்ளரங்கத்துக்குச் சீட்டு விற்பதே நல்லது, இலவசச் சீட்டை வாங்கிக்கொண்டு வராமலிருப்பது நம்மவர் வழக்கம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இணைத்து வைக்கவே செயற்குழு விரும்புகிறது. அப்படியானால் அந்தப் பலகைத் தளத்தை ஒவ்வொரு வாரமும் பிரிக்க வேண்டியிருக்குமே?

ஒலியமைப்பாளர்:
வேண்டியதில்லை. பிளைவுட் நாலடிக்கு எட்டடியாகவே கடையில் கிடைக்கும். ஒவ்வொரு பலகைக்கும் அடியில் தனிச் சட்டம் அடித்து, பக்கத்துப் பலகையோடு போல்ட்டால் இணைத்துவிடுங்கள். கூத்து தரையில் நடக்கும், பாவைத் திரை பலகைமேலேயே நிற்கும், கச்சேரிக்கு அதன்மேல் ஜமுக்காளம் விரித்தால் போதும். நாடகக் குழுவிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், நடக்கும்போது பலகை ஒலிப்பது அவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.