தலையில்லாத ஜட்கா குதிரை: கண்ணாடி நெகட்டிவ் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

திருவல்லிக்கேணியில் தாத்தா வீட்டுப் பரணை ஒழிக்கும்போது பழைய நாளிதழில் சுற்றிய மூன்று கண்ணாடி நெகட்டிவ்கள் (ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தட்டில் படம் பதிந்தவை) கிடைத்தன. ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு தெரு, ஆளே இல்லை, ஓரமாக ஒரு ஜட்கா, குதிரைக்கு உடம்பும் நாலு காலும் அப்படியே இருக்கின்றன, தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை! பாட்டி இதை வீட்டில் வைக்கவே கூடாது என்கிறார். பேயெல்லாம் இல்லை, லென்ஸ் திறந்திருந்த நேரம் குதிரை தலையை ஆட்டியிருக்கும். 1838-இல் பாரிஸில் புகைப்படக் கலையின் முன்னோடி தாகேர் எடுத்த தெருப் படமும் இப்படித்தான், பல நிமிட எக்ஸ்போஷரில் போக்குவரத்து எதுவுமே பதியாமல், ஷூவுக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டி அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் தெளிவாக விழுந்திருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தட்டின் மூலையில் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு உரிகிறது, தொடவே பயமாக இருக்கிறது. ஒரு ஸ்டுடியோவில் கேட்டதற்கு "தண்ணில கழுவிட்டுக் கொண்டு வாங்க" என்றார்கள், அப்படியே திரும்பி வந்துவிட்டேன். சென்னையில் இதை ஒழுங்காக ஸ்கேன் செய்து தருபவர் யாராவது உண்டா? இல்லை, மொபைலிலேயே எடுக்கலாம் என்றால் பின்னால் என்ன வெளிச்சம் வைப்பது? பாட்டி காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவதற்குள் சொல்லுங்கள்.