143 நாள் நெருப்பு

நிலாமுற்றம்:
மகளுக்கு 12 வயது. கணக்குச் செயலியில் தினமும் ஒரு பாடம் முடித்தால் நெருப்புப் படம் எரியுமே, அது 143 நாள் தொடர்ந்து ஓடியிருந்தது. அன்று அவளுக்குக் காய்ச்சல். இரவு 11.50 மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம். எட்டிப் பார்த்தால், பின்னம் படிக்கிற பிள்ளை 4+3 போட்டுக்கொண்டிருக்கிறாள். "இதுதாம்மா சீக்கிரம் முடியும்" என்றாள். இணைய இணைப்பு வேறு சுற்றிக்கொண்டே இருந்தது. மணி 12 ஆனது, நெருப்பு அணைந்தது. அப்படி ஓர் அழுகை. அதற்கப்புறம் அவள் செயலியைத் திறக்கவே இல்லை. அழுகை மறந்துவிட்டது. அந்த 4+3தான் உறுத்துகிறது. எத்தனை நாளாக அதையே போட்டாள்?

சாக்பீஸ்:
இதற்காகச் செயலிகளையே திட்ட வேண்டாம். நான் ஆசிரியை. வகுப்பில் திரை வினாடிவினா நடத்தினேன், எல்லோரும் புனைபெயரில். 'ஆந்தை' என்று ஒருவர் மூன்றாம் இடம். யார் ஆந்தை என்று வகுப்பே திரும்பித் திரும்பித் தேடியது. வருடம் முழுக்க வாய் திறக்காத பையன் அவன். கடைசி வரை சொல்லவில்லை. மேசைக்கடியில் அவன் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

ரப்பர்துண்டு:
ஆந்தை பாடம் படித்தானா, வேகமாகத் தட்டினானா? இந்த விளையாட்டுகளில் வேகத்துக்கும் புள்ளி உண்டே. என் மகன் கதை வேறு. அவன் செயலியில் மூன்று குறிப்புகள், மூன்றாவது குறிப்பு விடையேதான். டக் டக் டக், பார்த்து எழுது, அடுத்தது. ஆசிரியர் பட்டியலில் அவன் பெயர் எப்போதும் பச்சை. தேர்வில் 100க்கு 38. "எல்லாம் பச்சையாத்தானே இருந்துச்சு?" என்று என்னையே கேட்கிறான்!

சாக்பீஸ்:
வேகத்துக்குப் புள்ளி இல்லாமல்தான் நடத்தினேன். கேட்டுவிட்டுப் பேசலாம்.

பழையபெஞ்சு:
நானும் பதக்கத்துக்காகப் படித்து, பதக்கம் நின்றதும் விட்டவன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் படம் வரையப் பிடித்த சிறு குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் என்று ஆசை காட்டினார்கள். பிறகு பரிசு இல்லாமல் விட்டபோது, அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம், ஆசை காட்டப்படாத மற்றக் குழந்தைகள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் செயலியைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். ஆக, கேள்வி கேட்கும் செயலி நல்லது, குறிப்புப் பொத்தான்தான் வில்லன். முதலில் தாளில் போடட்டும், பிறகு தட்டட்டும். தவறியதை அட்டையில் எழுதி மறுநாள், சரியானதை நாலு நாள் கழித்து மறுபடி போடட்டும். அட்டைகளுக்குத் தனித்தனிப் பெட்டி வைத்தால் இன்னும் வசதி. பெட்டி எப்படிப் பிரிப்பது என்றால்...

நிலாமுற்றம்:
பெட்டி இருக்கட்டும் ஐயா, நான் வழி கேட்கவில்லை. நேற்று மெதுவாக அவளிடமே கேட்டேன், எப்போதிலிருந்து இந்தக் கூட்டல் என்று. "பகுதி எண் வேற வேறயா வந்த அன்னிலேருந்து" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டு மாதம். தினமும் ராத்திரி நெருப்பைக் காட்டுவாள். நானும் "சபாஷ்டா தங்கம்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைப்பேன்.