மலருக்கு எழுதுகிறவர்களுக்கு: பேர்மிற்றோடு நிற்க வேண்டாம்

சங்க உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கட ஊர்ச் சங்கத்தின் சிறப்பு மலருக்குக் குடும்ப வரலாறு எழுதித் தாருங்கோ என்று கேட்டதில் இதுவரை பதினொரு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி. பதினொன்றையும் ஒரே மூச்சில் வாசித்தேன். பதினொன்றும் ஒரே இடத்தில்தான் தொடங்குது: அப்பப்பா வந்தார், காடு வெட்டினார், யானைக்குக் காவல் இருந்தார், வயலாக்கினார். அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளம் திறந்தவுடன் எல்லாரும் தண்ணீரோடு சேர்ந்து வாய்க்காலில் வந்து இறங்கின மாதிரி இருக்கு.

குறையாகச் சொல்லவில்லை. நான் எழுதினதும் அப்படித்தான் இருந்தது. எங்கட வீட்டில் மிஞ்சினது ஒரு பேர்மிற், குடியேற்றக் காணிக்கு அரசாங்கம் தந்த அனுமதிப் பத்திரம், அது மட்டும். 2008 கடைசியில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது மாமி (அப்பாவின் சகோதரி) அதைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போனா. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, நாலு துண்டாக இருக்குது இப்ப. அதில் அப்பப்பாவின் பெயர், காணித்துண்டு இலக்கம், பின்னுரித்தாளர் என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயர். அப்பம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. அவவும்தானே கட்டை பிடுங்கினவ.

பேர்மிற் அப்படித்தான் இருக்கும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் காணியைத் துண்டாட விருப்பமில்லை; ஒரு காணிக்கு ஒரு ஆள், அவருக்குப் பிறகு ஒரு ஆள். பின்னுரித்து எழுதாமல் இறந்தால் பட்டியலில் மகன்தான் முன்னுக்கு, மகள் பிறகு. அந்த வேறுபாடு போக 2022 வரை காத்திருக்க வேண்டி வந்தது. அதனால் பேர்மிற்றை வைத்துக்கொண்டு குடும்ப மரம் கீறினால் அது பனைமரம் மாதிரி, கிளையே இல்லாமல் ஒரே நேராகப் போகும்.

நான் பிறகு பிடித்த வழியைச் சொல்கிறேன். ஆருக்காவது உதவும்.

முதலில் பிறப்புச் சாட்சிப் பத்திரம். அப்பா வீட்டில் குடியேற்றத்துக்கு வந்த பிறகு பிறந்தது மாமி ஒராள்தான். ஆனால் ஊரில் தேடினால் அவவின் பதிவு இல்லை. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான், அதற்கு முன் எல்லாம் யாழ்ப்பாண மாவட்டம், அதுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். காரணம் அதைவிடச் சின்னது. காய்ச்சல் பயம், ஆஸ்பத்திரி தூரம். அப்பம்மா பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டா. பதிவு அந்த ஊரில் இருந்தது. உங்கட வீட்டிலும் பெரும்பாலும் இதே கதையாகத்தான் இருக்கும். பிள்ளையின் பதிவைத் தேடிப் போனால் தாயின் ஊர் கையில் வரும்.

இன்னொன்று. எங்கட நாட்டுப் பிறப்புப் பத்திரத்தில் பேரனார் (தகப்பனின் தகப்பன்) இலங்கையில் பிறந்தவராயின் அவரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு (கட்டம்) இருக்கும், பார்த்திருப்பீர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பனும் பேரனும் எங்கே பிறந்தவர்கள் என்று கேட்ட காலத்தின் கூடு அது. மலையகத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கின அதே கேள்வி. 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கட ஊருக்கு வந்து எங்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற பல குடும்பங்களுக்கு அந்தக் கூடு என்ன செய்தது என்பதை அவர்களே மலரில் எழுத வேணும். எனக்கு மாமியின் பத்திரத்தில் அந்தக் கூட்டில் பூட்டனின் (அப்பப்பாவின் தகப்பன்) பெயரும், 1882 என்ற ஆண்டும், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு ஊரும் கிடைத்தது.

ஆண்டு பிழை. எப்படித் தெரியும் என்றால், பெரியப்பாவின் மகள் வைத்திருந்த ஒரு சாதக ஓலை. 'பிரமாதி வருடம் வைகாசி' என்று இருக்கு. பெரியப்பா 1939, சண்டை தொடங்கின வருசத்தில் பிறந்தவர், அது பிரமாதிதான். ஓலையில் இருக்கிற பெயரும் அவரின் பெயர்தான். ஆகவே அது அவரின் சாதகம் என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். ஆனால் 1879உம் பிரமாதிதான். பேரப்பிள்ளைக்குப் பாட்டன் பெயரை வைக்கிற வழக்கத்தால் பூட்டனின் பெயரும் அதேதான்! அறுபது வருச இடைவெளியில் ஒரே பெயர், ஒரே வருடப் பெயர், ஒரே மாதம். சாத்திரம் தெரிந்த ஒரு அண்ணையிடம் படத்தை அனுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "வியாழனும் சனியும் அறுபது வருசத்தில் சுற்றிக் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்திடும் தம்பி, அதை வைச்சுப் பிடிக்கேலாது. ராகுவைப் பார்." ஓலையில் ராகு மகரத்தில். 1939 வைகாசியில் ராகு துலாத்தில் நின்றது. அப்ப ஓலை பூட்டனுடையது, 1879. பத்திரத்தில் இருந்த 1882 அப்பப்பா பதிவுகாரரிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னது.

கடைசியாக உறுதிகள், அதாவது காணி எழுதிக்கொடுத்த பத்திரங்கள். இதுதான் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும். நொத்தாரிசு (உறுதி எழுதுகிற சட்ட அலுவலர்) உறுதி முடித்தால் ஒரு பிரதி காணிக்காரருக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவைக் கட்டில், ஒன்று காணிப் பதிவகத்துக்கு. அதனால் வீட்டுப் பிரதி எரிந்தாலும் நம்பிக்கை விடாதீர்கள். ஆனால் அங்கே போய் ஆளின் பெயரைச் சொன்னால் தேடித் தர மாட்டினம். புத்தகம் காணிக்குக் காணிதான் ஓடும். காணியின் பெயரும் ஊரும் வேணும். அந்தப் பெயர்கள் ஆண்களுக்குத் தெரியாது. அப்பாவைக் கேட்டால் "அங்கால ஒரு தோட்டக்காணி" என்பார். மாமி யோசிக்கவே இல்லை: "இலுப்பையடி. எங்கட மாமிமாருக்குக் குடுத்த காணி."

இலுப்பையடிக்கு நாலு சீதன உறுதி இருந்தது. நாலும் நாலு சகோதரிகளுக்கு, அப்பப்பாவின் அக்காமார், தங்கச்சிமார். கோவிற்பற்று (ஊர் சேர்ந்த பிரிவு), இத்தனை லாச்சம் வரகு (வரகு விதைப்பை வைத்துச் சொல்லும் காணி அளவு), நாலு எல்லை, கிணற்றில் பங்கு, தண்ணீர் அள்ளும் முறை, வழிவாய்க்கால் என்று ஒவ்வொன்றும் மூன்று பக்கம். பெண்ணின் பெயர், தாயின் பெயர், மாப்பிள்ளை, அவரின் தகப்பன், எல்லாம் முழுசாக. எல்லைக்காரர்களின் பெயரில் பாதிப்பேர் சொந்தக்காரர். பேர்மிற்றில் காணாமற்போன பெண்கள் எல்லாரும் இங்கே வரிசையாக நிற்கினம். எங்கட யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் பெட்டையளுக்குப் போகும். அதனால் எங்கட பக்கத்துப் பூர்வீகத்தைப் பெண்களின் கடதாசியில்தான் தேட வேணும். நான் பத்து வருசமாகத் தகப்பன் பெயர், தகப்பன் பெயர் என்று தேடித் திரிந்தேன்.

பூட்டியின் பெயரும் அங்கேதான் முதன்முதலில் கண்டேன். கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் மை.

கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கத்துப் பழைய குடும்பத்தார் சிலர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். மலருக்கு வைச்ச 'முன்னோடிகள்' என்ற தலைப்பு உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், விளங்குது. மலர்க் குழு மாற்றினால் எனக்குச் சந்தோசம். நாங்கள் வரேக்குள்ள நீங்கள் அங்கே வயல் செய்துகொண்டுதான் இருந்தனீங்கள்.

தேவையானது இதுதான்: உங்களிடம் இருக்கிற பேர்மிற், சீதன உறுதி, சாதகம், எதுவானாலும் படம் எடுத்து அனுப்புங்கோ. பின்பக்கத்தையும் எடுங்கோ, முத்திரையும் திகதியும் பலமுறை அங்கேதான். வீட்டில் வயது போன அம்மாமார் இருந்தால் காணிப் பெயர்களை இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கோ. காணிக் கச்சேரிக்கு (காணி குடுக்க ஆட்களைத் தெரிவு செய்த அரசாங்க விசாரணை) குடுத்த விண்ணப்பத்தின் பிரதி ஆரிடமாவது இருந்தால் பெரிய உதவி. அதில் பிள்ளைகள் எத்தனை, சொந்தக் காணி உண்டா என்று எழுதியிருக்கும்.

எங்கட அப்பப்பா 'இல்லை' என்று எழுதியிருப்பார். நாலாவது உறுதி, கடைசித் தங்கச்சிக்கு எழுதினது, 1951. அதோடு இலுப்பையடியில் மிச்சம் ஒன்றுமில்லை. பேர்மிற் அடுத்த வருசம். அந்த உறுதியின் கீழே சாட்சிகள் இரண்டு பேர். இரண்டாவது கையெழுத்து அப்பப்பாவுடையது.